கமிஷன் பார்த்த கிணறு

2009, ஐப்பசி. சிதம்பரம் பஸ் நிலையத்தில் காலை எட்டரைக்குக் கடலூர் பஸ் ஏறினேன். கொட்டும் மழை. கடலூர் முதுநகருக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். நான் அதற்குச் சற்று முன்பே இறங்க வேண்டும். டிக்கெட் பதினாறு ரூபாய். சேதியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஸ்டெல்லா அக்காவிடமும் அவள் வீட்டுக்காரர் ஆரோக்கியம் மாமாவிடமும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முந்தின நாள் தீர்ப்பு வந்திருந்தது; மாமாவின் வக்கீல் எனக்குத்தான் போன் செய்து சொன்னார். ரசாயன ஆலைக் கழிவால் கெட்ட கிணறுகளை ஆலை முதலாளியே தன் செலவில் சுத்தம் செய்து தர வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஊர் கொண்டாட வேண்டிய செய்தி. ஆனால் மாமா கிணற்றை மட்டும் விட்டுவிட்டார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறதாம்! மஞ்சளாகக் கொட்டும், கை வைத்தால் அரிக்கும் தண்ணீர் அது. வழக்குப் போட்டதே மாமாதான். எந்தப் புண்ணியவான் சோதித்தானோ என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

வெள்ளாற்றுப் பாலம், பி.முட்லூர், புதுச்சத்திரம் என்று பஸ் ஊர்ந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும், மழையில் வெளியே எதுவும் தெரியாததால், கண்டக்டரிடம் ஆலை நிறுத்தம் வந்தால் சொல்லச் சொன்னேன்.

“நான் எதுக்கு சார்? நாத்தம் அடிக்கும், எறங்கிடுங்க” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டது. இறங்கினேன்.

“வா மச்சான், தொப்பலா நனஞ்சிட்டியே” என்று மாமா துண்டு நீட்டினார். தலையைக்கூடத் துவட்டாமல் சொல்லிவிட்டேன். அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

“ஐயோ, நாமதானங்க கெணத்தத் தூர் வாரினோம்!”

கோர்ட் அனுப்பிய கமிஷன் தண்ணீர் எடுக்க வருகிறது என்றதும் இவர்களுக்குக் கூச்சம் வந்திருக்கிறது.

“கோர்ட்டு ஆளுங்கடா தம்பி! கெணறு குப்பையும் செத்தையுமா கெடந்தா மானக்கேடு இல்லியா? முந்தின நாளே டீசல் இன்ஜின் வெச்சு எறைச்சு, தூர் எடுத்தோம். வெறுங்கெணத்தக் காட்டக் கூடாதேன்னு மாமா லாரித் தண்ணி வாங்கி ரொப்பிட்டாரு. வந்தவங்க, சுத்தமா வெச்சிருக்கீங்களேன்னாங்க. எனக்கு எவ்ளோ பெருமையா இருந்திச்சி தெரியுமா? சோடா வாங்கிக் குடுத்தேன்.”

அவள்மேல் கோபம் வரவில்லை. சிதம்பரத்தில் என் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் முதலில் தேய்ப்பது தண்ணீர்த் தொட்டியைத்தான். அப்பீல் செய்யலாம் என்றேன். மறுபடி சோதிப்பார்களா என்பது வக்கீலுக்கே தெரியவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

மாமா எழுந்துபோய் மோட்டாரைப் போட்டார். குழாயில் மஞ்சளாகக் கொட்டியது.

“இப்ப வந்து பாக்கச் சொல்லு மச்சான்.”

மூன்று மணிக்குத் திரும்பும் பஸ். ரோட்டோரம்வரை வந்த அக்கா, “இனிமே எந்த ஆபீசர் வந்தாலும் வாசல்கூட பெருக்க மாட்டேன்டா” என்றாள். பஸ் ஜன்னல் வழியே வீட்டைப் பார்த்தேன். மாமா இன்னும் மோட்டாரை நிறுத்தவில்லை.