விரதக்கார டாக்கோ வண்டி

போன வெள்ளி அம்மாவையும் அப்பாவையும் பால்கூடச் சேர்க்காத ஒரு வீகன் கடைக்குக் கூட்டிப்போனேன். வாட்டிய சோள ரொட்டி மணந்ததும் நான் சின்ன வயதில் இருந்த லிட்கம் ஊருக்கு நினைவில் போய்விட்டேன்.

இப்போது பிளாட்டுகள் எழும்பிவிட்ட அந்த மூலையில்தான் சோள ரொட்டிக்குள் பீன்ஸை மடித்துத் தரும் ரோசா அன்ரியின் டாக்கோ வண்டி நிற்கும். வெள்ளிதோறும் கோயிலால் வருகிற வழியில் நெற்றி நிறையத் திருநீறோடு நாங்கள் வரிசையில் நிற்போம். ஜெனரேட்டர் கடகடக்க, அன்ரி மசித்த பீன்ஸைப் புரட்டப் புரட்ட, காலையிலிருந்து விரதமிருந்த அம்மா "நோ மீட், நோ எக்" என்று விரலாட்டுவா. அன்ரி நெஞ்சில் சிலுவை போட்டு "ஒன்லி பீன்ஸ்" என்பா. அம்மா சொல்லிச் சொல்லியே கோயில் சனத்தில் அரைவாசி அங்கேதான் விரதம் முடித்தது.

ஒருநாள் எலுமிச்சை கேட்க வண்டியின் பின்பக்கம் போன அப்பாவும் நானும், அன்ரி பீன்ஸ் சட்டிக்குள் ஒரு டின்னிலிருந்து வெள்ளைக் கொழுப்பை அள்ளிப் போடுவதைக் கண்டோம். டின்னில் ஒரு பன்றி சிரித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை, அம்மாட்டச் சொல்லிப்போடாதை," என்றார் அப்பா. "அவ வயிறாறச் சாப்பிடுறது இங்க மட்டும்தான்."

அடுத்த வெள்ளியும் வரிசையில் முதல் ஆளாக நின்றது அப்பாதான்.

வீகன் கடையில் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினா. அப்பா அவசரமாகத் தண்ணீரை எடுத்தார்.

"இதில அந்தச் சுத்தம் இல்லை," என்றா அம்மா. "ரோசா எங்கட விரதத்துக்கெண்டு பயபக்தியாச் சமைச்சவ."