டீமேக்கர் போட்ட குழாய்

அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனித்தவர் அந்த டீமேக்கர். எந்நேரமும் கொஞ்சம் கொழுந்தைக் கசக்கி முகர்ந்துகொண்டே பேசுவார். எனக்கு அவரைப் பிடிக்காது. தேயிலை வாங்குகிறவர்கள் வந்து பார்ப்பார்கள் என்று ஃபெக்டரிக்கு மட்டும் சுத்தமான தண்ணீர். நாங்கள் குடியிருந்த லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வந்ததோ, மாட்டுப்பட்டியையும் கக்கூசுக் குழியையும் தாண்டி வரும் ஓடைத் தண்ணீர்.

ஒரு மழைக்காலத்தில் லயம் முழுக்க வயிற்றுப்போக்கு. என் மகள் எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்தாள். பாதிப் பேர் வேலைக்குப் போகவில்லை. கொழுந்து இல்லாமல் ஃபெக்டரி நின்றது. அப்போதுதான் அவர் லயத்துக்கு வந்தார். பீலித் தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தார். தோட்டத்தை நடத்தும் தொரையிடம் பேசி, அந்த வாரமே ஃபெக்டரித் தண்ணீரை லயத்துக்கு இழுக்கக் குழாயோடு வந்து நின்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது.

"எத்தன வருசமா கேட்டோம் ஐயா! இப்பத்தான் எங்க புள்ளைங்க கண்ணுக்குத் தெரிஞ்சாங்களா?"

"புள்ளைங்களுக்கு இல்லம்மா, கொழுந்துக்கு. நீங்க படுத்தா எங்க மெஷினும் படுத்துருது."

"பொய் சொல்லாம இருந்தீங்களே, அதுவே போதும்."

சிரித்தார்.

மகள் தேறிவிட்டாள். அந்த நோய் பிறகு லயத்துப் பக்கம் வரவில்லை. அவரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. முதல் குழாயை அவர் வைத்தது, நாங்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில். அதுவும் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில். கொழுந்து பறிக்கிற நாங்கள் இன்றும் அதில் குனிந்துதான் தண்ணீர் பிடிக்கிறோம்.