மரம் வளைத்த வண்டி

மான் இடித்த வண்டியை எங்கள் ஊரில் யாரும் ஒதுக்கமாட்டார்கள். ஒதுக்கினால் ஊரில் பாதிப் பேர் நடந்துதான் போகவேண்டும். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரைக் காட்டில் நவம்பர் மாதம் மான் குறுக்கே பாயாத சாலை ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம். மான் பானெட்டை நசுக்கும், விளக்கை உடைக்கும், ரேடியேட்டரைக் கிழிக்கும். அதோடு சரி, வண்டியின் எலும்பு வரை போகாது. அதனால்தான் ஏலப் பட்டியலில் 'சேதம்: விலங்கு மோதியது' என்று பார்த்ததும் வெர்னா கோட்டிலா மேற்கொண்டு யோசிக்கவில்லை. எட்டு வயதான வெள்ளை பிக்கப். நான்கு சக்கரமும் இழுக்கும். மூன்று படம் போட்டிருந்தார்கள், மூன்றும் மங்கல். அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரிலேயே ஏலம் கேட்டு எடுத்துவிட்டாள்.

வெர்னாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. ஊரில் நாற்பது வயதுக்கு உட்பட்ட எல்லோருமே அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், போலீஸ்காரர்கள் உட்பட. குளிர்காலத்தில் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிக்கப்பின் முன்னால் இரும்புப் பலகையை மாட்டி, பத்தொன்பது வீடுகளுக்குச் சாலையிலிருந்து வாசல் வரைக்கும் பனி தள்ளிக்கொடுப்பாள்.

அந்தப் பத்தொன்பதில் கடைசி வீடு ஆர்விட் நியெமலாவுடையது. மேட்டின் மேல் தனி வீடு, கால் மைல் நீளத்துக்கு வளைந்து ஏறும் பாதை. ஆர்விட்டுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை பத்தரைக்கு வேன் வந்து அவரை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போகும். பாதையில் பனி கிடந்தால் வேன்காரர் உள்ளே வரமாட்டார். அவர் மேலும் தப்பில்லை, மாட்டிக்கொண்டால் வண்டியில் இருக்கும் மற்ற நோயாளிகளின் கதி?

போன மார்ச்சில் ஒரு புதன்கிழமை வெர்னாவின் பழைய பிக்கப், சாலையில் போடும் உப்பு அரித்து அரித்து, நட்டநடு வேலையில் இரண்டாக ஒடிந்து உட்கார்ந்துவிட்டது. வேறொருவரைக் கெஞ்சி ஏற்பாடு செய்தாள். அவர் தன் வீடுகளையெல்லாம் முடித்துவிட்டு வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போனார். வேன் பத்தரைக்கே வந்து ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பியிருந்தது. சனிக்கிழமை ஆர்விட்டை நுரையீரலில் நீர் கோத்த நிலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்தார். யாரும் வெர்னாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆர்விட்டும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோடை முழுக்க அவர் வீட்டுப் பக்கம் போக அவளுக்குக் கால் கூசியது. இந்த வருடம் அவர் பாதை ஒரு நாள்கூட மூடிக்கிடக்கக்கூடாது என்று மட்டும் மனதில் ஆணி அடித்தாற்போல் வைத்திருந்தாள்.

வண்டி வந்து இறங்கிய அன்று டுவேன் காபி குடிக்க வந்திருந்தான். டுவேன் அவளுடைய முன்னாள் கணவன். விவாகரத்தாகிப் பதினொரு வருடமாகிறது. காபிப் பழக்கம் மட்டும் விடவில்லை.

மான் இடித்த வண்டியில் எங்கள் ஊரார் முதலில் தேடுவது மயிரைத்தான். விளக்கின் இடுக்கில், ரேடியேட்டரின் சல்லடையில், எங்காவது ஒரு கொத்து ஒட்டியிருக்கும். இருவரும் டார்ச் அடித்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். ஒரு மயிர் இல்லை. நசுங்கிய தகரத்துக்குள் கையை விட்ட டுவேன் எதையோ உருவி எடுத்தான். வெள்ளையாக, காகிதம்போல் சுருண்டிருந்தது. பிர்ச் மரத்தின் பட்டை.

"ஏன் வெர்னா, மானுக்கு எப்பலேருந்து பட்டை முளைக்குது?"

அவள் தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனாள். வண்டியின் எலும்பான சேஸி வலது பக்கத்தில், முன் சக்கரத்துக்கு முன்னால், உள்நோக்கி வளைந்திருந்தது. பனித் தள்ளுபலகையைத் தாங்கவேண்டிய அதே இடம்.

"உன் தலையில நல்லா கட்டிட்டானுங்க. இன்ஜினையும் டயரையும் கழட்டி வித்துடு. மிச்சத்த காயலான் கடையில போடு" என்றான் டுவேன்.

"வித்துட்டு?"

"வேற வாங்கு."

"எதுல வாங்குறது? உன் வாயிலேருந்து கொட்டுதே, அதுலயா?" கீழேயிருந்தே கேட்டாள். வளைவைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு அவள் குரல் வந்தது: "பின்னால மேப்பிள் மரம் இருக்குல்ல? மரம் வளைச்சத மரமே நிமித்தட்டும். போய் சங்கிலி எடுத்துட்டு வா."

வெர்னா ஒன்றைச் சொல்லிவிட்டால் அவளோடு வாதாடுவது வீண் என்பதை டுவேன் கல்யாணமாகிய முதல் வாரமே கற்றுக்கொண்டவன். முனகிக்கொண்டே போனான்.

நசுங்கிய பாகங்களைக் கழற்றிப்போட்டார்கள். சேஸியின் நாலு இடத்திலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டுக் கொட்டகைத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்தாள். இரண்டு குறுக்களவும் சமமாக இருக்கவேண்டும். ஒன்றே முக்கால் அங்குலம் வித்தியாசம். பிறகு வண்டியை வெளியே தள்ளி, பின்பக்கத்தை இரும்புக் கம்பங்களில் கட்டி, வளைந்த மூக்கைச் சங்கிலியால் மேப்பிளோடு பிணைத்து, இடையில் கையால் இழுக்கும் வின்ச்சைப் போட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதே வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இழுப்பாள். அங்குலம் குறையும். சங்கிலியை அவிழ்த்ததும் சேஸி பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

மூன்றாம் நாள் ஒரு கொக்கி அறுத்துக்கொண்டு பறந்தது. வெர்னாவின் காதோரமாகப் போய்ச் சௌனா என்னும் நீராவிக் குளியலறையின் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது.

"நான் கட்டின சௌனா!" என்று டுவேன் தலையில் கைவைத்தான்.

"விவாகரத்துல எனக்கு வந்தது. உடைஞ்சாலும் என்னுது" என்றாள். அதற்குப் பிறகு சங்கிலியின் மேல் கனமான கம்பளியைப் போட்டு, இருவரும் தள்ளி நின்றே இழுத்தார்கள்.

இழுப்பில் இருக்கும்போதே வளைவின் மேல் சுத்தியலால் தட்டவேண்டும் என்பது ஐந்தாம் நாள்தான் அவளுக்குப் பிடிபட்டது. தேவைக்குக் கொஞ்சம் அதிகமாக இழுத்து, அப்படியே நிறுத்தி, மடிப்பைச் சுற்றி இருநூறு தட்டு. அவிழ்த்தால் இந்தமுறை பாதிதான் திரும்பியது. பிடி கிடைத்துவிட்டது. பதினோராம் நாள் வித்தியாசம் கால் அங்குலத்துக்கு வந்து நின்றது. அந்தக் கால் அங்குலம் மட்டும் என்ன செய்தும் மசியவில்லை.

"வலது பக்கமா இழுக்கும்" என்றான் டுவேன்.

"நான் இடது பக்கமா பிடிச்சுக்கறேன்."

ரேடியேட்டர் புதிது. விளக்குகள் பழைய சாமான் கடையில் கிடைத்தன. பானெட் மட்டும் பச்சை. வெய்க்கோ என்பவரின் கொட்டகையில் கிடந்ததை முப்பத்தாறு பாஸ்டிக்கு வாங்கினாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து அவள் மடிக்கும் பாஸ்டிக்கு இந்த வட்டாரத்தில் பானெட்டை விட மதிப்பு அதிகம். பழைய வண்டியின் பனிப்பலகையைக் கழற்றி இதில் மாட்டினாள். நவம்பர் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை, வண்டி தயார்.

தயார்தான், ஆனால் நம்பர் பிளேட் இல்லை. சேதமென்று எழுதிய வண்டியை அதற்கென்று பயிற்சி பெற்ற போலீஸ்காரர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பிளேட் கிடைக்கும். எங்கள் மாவட்டத்தில் அப்படிப்பட்டவர் ஒரே ஒருவர், ராவ்டியோ. பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்குகிறது. அதையொட்டிய நாட்களில் பள்ளிக்கூடம், கடை, பஞ்சாயத்து எதுவுமே எங்கள் ஊரில் நடந்ததாகச் சரித்திரமில்லை. ஆண்கள் எல்லோரும் காட்டுக்குள் தங்கள் வேட்டைக் கேம்புக்குப் போய்விடுவார்கள். ராவ்டியோ வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விட்டான். அங்கே போன் எடுக்காது.

திங்கட்கிழமை காலை ரேடியோவில் சொன்னார்கள்: இன்றிரவு தொடங்கி இரண்டடி பனி.

செவ்வாய், ஆர்விட்டின் நாள். வெர்னா முதலில் அவருக்குப் போன் செய்தாள். "இன்னிக்கு ராத்திரி என் வீட்ல படுத்துக்குங்களேன். ரோட்டோரம், வேன் வாசலுக்கே வரும்."

"அடுப்ப யாரு பாக்குறது? தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சா? அதோட, என்னைத் தூக்கி வெச்சு எடுத்துட்டுப் போக நான் என்ன பார்சலாம்மா?" போனை வைத்துவிட்டார்.

கேம்புக்குப் பெண்கள் போவதில்லை. சட்டம் ஒன்றுமில்லை, வழக்கம். வெர்னா தன் சின்னக் காரில் ஒன்பது மைல் போய், சேற்றில் இறங்கி, கேம்புச் சௌனாவின் கதவைத் தட்டினாள். உள்ளே நீராவியில் வெந்துகொண்டிருந்தவர்கள் ராவ்டியோ, வெய்க்கோ, டுவேன். ராவ்டியோ இடுப்பில் துண்டோடு வெளியே வந்தான். உடம்பிலிருந்து ஆவி பறந்தது.

"வெர்னாக்கா! நான் லீவுல இருக்கேன்."

"மூணாங்கிளாஸ்ல உனக்கு ரெண்டு தட்டு மக்ரோனி போட்டப்ப நான் லீவுலயா இருந்தேன்?"

விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். "புதன்கிழமை வந்து பாக்கறேங்கா, சத்தியமா. ஒவ்வொரு பார்ட்டுக்கும் ரசீது வேணும். ஆனா நாளைக்குள்ள பிளேட் நடக்காது. பிளேட் இல்லாம ரோட்டுல ஓட்டினா நானே உங்களப் புடிக்கணும்."

வெர்னா விடவில்லை. "ரோட்டுல ஓட்டக்கூடாது. சரி. ஆர்விட்டோட பாதையில?"

ராவ்டியோ குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்தான். "அது அவரு சொந்த இடம். ரோடு இல்ல."

"டுவேன்!" என்று அவள் கதவுக்குள் பார்த்துக் கூவினாள். "டிரெய்லர் எங்க வெச்சிருக்க?"

"ஏய், சீசன் ரெண்டாம் நாளு! நான் இன்னும் ஒண்ணு கூட சுடல!"

"மான் எங்கயும் ஓடிடாது."

"ஓடறதுதான்டி அதுக்கு வேலையே!" என்றான். ஆனாலும் காற்சட்டையைத் தேடத் தொடங்கிவிட்டான். பின்னாலேயே வெய்க்கோ, சீட்டாட்டக் கணக்கு எழுதிய தாளின் பின்புறத்தில், பானெட் ஒன்று, பாஸ்டி முப்பத்தாறு, அதில் ஒன்று கருகல் என்று ரசீது எழுதி நீட்டினார்.

சாயங்காலத்துக்குள் டிரெய்லரில் ஏறிய பிக்கப் மேட்டின் மேல் ஆர்விட் வீட்டு வாசலில் இறங்கியது. அவர் கைத்தடி ஊன்றி வந்து பார்த்தார். "ரெண்டு கலர்ல இருக்கே."

"வலது பக்கமா இழுக்கும்."

"எனக்கும் கால் அப்படித்தான்" என்றார் ஆர்விட். முதல் பனித்துகள்கள் அவர் தொப்பியில் விழுந்தன.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வெர்னா பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பள்ளிக்கு விடுமுறை. சாலையில் பனி தள்ளும் வண்டி ஒன்பது மணிக்கு முன்னால் அந்தப் பக்கம் வராது, காத்திருந்தால் நேரம் போய்விடும். இரண்டு மைல். முழங்காலுக்கு மேல் பனி, கண்ணைத் திறக்கவிடாத காற்று. மற்ற பதினெட்டு வீட்டுக்காரர்களுக்கும் கையும் காலும் இருந்தன; புதன்கிழமை வரை அவர்கள் மண்வாரியால் சமாளிக்கட்டும்.

அவள் மேட்டை ஏறி முடித்தபோது எட்டரை. ஆர்விட் துடைப்பத்தால் பிக்கப்பின் மேலிருந்த பனியைத் தள்ளி முடித்திருந்தார். வாசலிலிருந்து ஒன்பதடி பாதையும் வெட்டியிருந்தார்.

"டாக்டர் இதெல்லாம் செய்யக்கூடாதுன்னாரே!"

"டாக்டர் வீட்டு ஜன்னல்லேருந்து இங்க தெரியாதும்மா."

வண்டி முதல் திருப்பலில் கிளம்பிற்று. பலகையை இறக்கினாள். கனத்த பனி திரண்டு புரண்டு ஒதுங்கியது. தள்ளி, பின்வாங்கி, மறுபடியும் தள்ளி, அடி அடியாகக் கீழே இறங்கினாள். வளைவில் வலப்பக்கம் ஒரு பிர்ச் மரம். கால் அங்குலம் வேலையைக் காட்டியது. வண்டி அந்த மரத்தை நோக்கியே போனது. "ஒருதடவை பாத்தது போதாதா உனக்கு!" என்று திட்டியபடி ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துப் பிடித்தாள். பலகையின் ஓரம் மரத்தை ஒரு கையகலத்தில் தாண்டிப்போனது.

அடிவாரத்துக்கு வந்தபோது பத்து மணி. சாலை வண்டி போகிறபோக்கில் பாதையின் வாயில் இடுப்பளவுக்குப் பனியைக் குவித்துவிட்டிருந்தது. அது பூப்போன்ற பனியல்ல, கட்டி கட்டியாக இறுகியது. மோதித்தான் உடைக்கவேண்டும். மோதினால் சேஸி தாங்குமா?

பின்னால் போனாள். வந்து மோதினாள். அடியில் இரும்பு முனகியது. மறுபடியும் போய் மோதினாள். பற்கள் கிடுகிடுத்தன, குவியல் அசைந்து நின்றது. மூன்றாவது முறை அவள் பிரேக்கைப் பற்றியே நினைக்கவில்லை. குவியல் பிளந்து இரண்டு பக்கமும் சரிந்தது. சாலைக்கு ஓரடி முன்னால் வண்டியை நிறுத்தினாள். அதற்கு மேல் அவளுக்கு உரிமை இல்லை.

இறங்கிப் பனியில் மல்லாந்து அடியில் பார்த்தாள். மடிப்பின் மேல் பூசிய பெயின்ட் வெடித்திருந்தது. சேஸி நேராக இருந்தது.

வேன் பத்து முப்பத்திரண்டுக்கு வந்தது. அவள் ஒதுங்கி வழிவிட, மேலே போய் ஆர்விட்டை ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தது. அவளருகே வந்ததும் அவர் கண்ணாடியைத் தட்டி நிறுத்தச் சொன்னார். ஜன்னல் இறங்கியது. அவர் அவளையும் பச்சை பானெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை?" என்று கேட்டார்.

மார்ச்சில் அந்த வியாழக்கிழமை தவறியதிலிருந்து எட்டு மாதமாக அவர் வாயிலிருந்து அவள் எதிர்பார்த்ததும் பயந்ததும் அந்த ஒரு சொல்தான். மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமையும்தான். ஒம்பதரைக்குள்ள."

"பத்துக்கு வந்தா போதும்மா" என்றார் ஆர்விட். ஜன்னல் ஏறியது. வேன் போய்விட்டது.

பனி இன்னும் விட்டபாடில்லை. நாலு மணிக்கு அவர் திரும்பி வரவேண்டும். வெர்னா ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இடது பக்கமாகப் பிடித்துக்கொண்டு, வண்டியை மறுபடி மேட்டுக்கு ஏற்றினாள்.