அக்கினி மூலையில் ஓடாத கிரைண்டர்

மின்விசிறிக்குக் களைப்பு உண்டு என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா, ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எழுந்துபோய் சுவிட்சை அணைப்பார். கல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில் நாங்கள் தரையில் கிடந்து வேர்ப்போம். "காலையிலேர்ந்து சுத்தறது. கொஞ்ச நாழி அதுவும் ஓய்வெடுக்கட்டுமே" என்பார். அம்மா ஒரு படி மேலே போய், "பாவம், வாயில்லா ஜீவன்" என்பாள்.

எழுபதுகளில், இயற்பியல் படித்துவிட்டு மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றின் டெஸ்டிங் பிரிவில் நான் சேர்ந்தபோது, இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. மோட்டார்கள் ஓர் அறையிலும் நான் வேறோர் அறையிலும் இருப்போம் என்று அவர்கள் நம்பினார்கள். அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. புடவையில் கிரீஸ் கறை இருந்தால் டிராமில் பட்டது என்பேன். கல்கத்தா டிராம்களை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை.

1. ஜுரம் பார்ப்பவர்

பட்டறையின் மேலாளர் தத்தாபாபு. மீட்டரை நம்புவதற்கு முன் அவர் தம் உள்ளங்கையை நம்புவார். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் மேல் கைவைத்து, கண்ணை மூடி, குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தாயைப் போலச் சற்று நேரம் நிற்பார். பிறகு "ஜொர் நேயி" என்று அறிவிப்பார். ஜுரம் இல்லை என்று பொருள். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் மோட்டார் வாசலைத் தாண்டும்.

என் பெயர் ராஜலக்ஷ்மி. அவர் வாயில் அது ராஜ்லொக்கி ஆயிற்று. என் கைப்பையில் கல்லூரி ஆய்வகம் கழித்துக்கட்டிய லாடக் காந்தம் ஒன்று எப்போதும் கிடக்கும். அதைப் பார்த்துப் பட்டறையே சிரித்தது. ஆனால் தரையில் வாஷர் எதுவும் தொலைந்தால் முதலில் என் மேஜைக்குத்தான் வருவார்கள்.

2. மூன்றாம் முறை வந்த விருந்தாளி

துர்கா பூஜைக்குச் சில வாரங்கள் முன்பு, ஆறுமுகம் அண்ணாச்சி ஒரு கைவண்டியின் பின்னால் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். வண்டியில் கோயம்புத்தூர் கிரைண்டர் உட்கார்ந்திருந்தது. அது எங்களிடம் வருவது மூன்றாவது முறை.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். கரியாஹாட் பக்கம் பேச்சிலர்களுக்கு மெஸ் நடத்தியவர், டல்ஹௌசி அலுவலகங்களை நம்பி ஒரு சந்தில் டிபன் கடை திறக்க இருந்தார். அதற்காக ஊரிலிருந்து வரவழைத்த கிரைண்டர் அது. எங்கள் பட்டறையில் ஓடும். அவருடைய கரியாஹாட் வீட்டில் ஓடும். கடையின் சமையலறையில் மட்டும் சுவிட்சைப் போட்டதும் 'பட்' என்று ஃபியூஸ் போய்விடும்.

"ஏ கீ மொஷாய், என்ன ஐயா இது, மறுபடியுமா?" என்றார் தத்தாபாபு. சுவிட்சைப் போட்டார். கல் சாதுவாகச் சுற்றியது. மோட்டாரில் கைவைத்தார். "ஜொர் நேயி!"

"இங்கன ஓடும் சார். உங்களக் கண்டா அதுக்குப் பயம்" என்றார் அண்ணாச்சி. அவருடைய இந்தி தத்தாபாபுவுக்கும், தத்தாபாபுவின் வங்காளம் அவருக்கும் புரியாததால் நடுவில் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். "கோயம்புத்தூர்ல நல்லாத்தான் ஓடிச்சாம். கங்கையைத் தாண்டினதும் அதுக்குக் குணம் மாறிட்டுன்னு நினைக்கேன். ஒரு சாந்தி கழிச்சிருவமா?"

"சாந்தியா? நான் இவர் கடைக்கே போய்ப் பார்த்தேன். அங்கே ஏசி சப்ளைதான். முன்னறையில் என் கண்முன்னே ஓடியது" என்று தத்தாபாபு என்னிடம் குமுறினார்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே விளங்காது. அந்நாளில் கல்கத்தாவின் நடுப்பகுதியில் பழைய கட்டடங்கள் பலவற்றுக்கு டிசி மின்சாரம்தான் வந்துகொண்டிருந்தது. ஏசியில் மட்டும் ஓடும் மோட்டாரை டிசியில் மாட்டினால் அது ஓடாது. ஆகவே எங்கள் பட்டறையில் வாடிக்கையாளரின் பெயரைக் கேட்பதற்கு முன்பே ஏசியா டிசியா என்று கேட்பது வழக்கம். தத்தாபாபு அதைக் கேட்காமல் இல்லை. கேட்டார், நேரிலும் பார்த்தார். முன்னறையில் பார்த்தார்.

"சமையல்கட்டில் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

அவர் முகம் சிவந்தது. "பௌதி உள்ளே விட்டால்தானே!"

பௌதி, அதாவது அண்ணி, என்று அவர் சொன்னது அண்ணாச்சியின் மனைவி கோமதி அக்காவை. மாவு அரைக்கும் இடத்தில் செருப்பும் பீடியும் மீன் தின்ற வாயும் நுழையக்கூடாது என்பது அவருடைய சட்டம். பழுதுபார்க்கும் எங்கள் மிஸ்திரிகளிடம் இம்மூன்றும் இருந்தன. தத்தாபாபு பீடி பிடிப்பதில்லை, ஆனால் மீனை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. வாசற்படியில் நின்றபடியே "ஒயரிங் பலவீனம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஒயரை மாற்றினார்கள். மறுபடி 'பட்'.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "விஜயதசமிக்குக் கடை திறக்கணும்மா. அதுக்குள்ள இது ஓடலைன்னா மெட்ராஸ் மெயில்ல ஏறிடுவேன், ஊருல அண்ணன் வீட்டோட இருந்துக்கிடுவேன்னு கோமதி சொல்லிட்டா. சொன்னா செய்வா."

அந்த அம்மாள் மெஸ்ஸுக்காகப் பல வருஷம் கல்லில் கையால் அரைத்தவர். தம் தலையைத் தாமே பின்னிக்கொள்ளக் கை மேலே எழும்பாது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து பின்னிவிடுவாள். மெஷின் ஓடினால் கடை, இல்லாவிட்டால் ஊர் என்று அவர் சொன்னதில் எனக்கு மிரட்டல் எதுவும் கேட்கவில்லை.

"ராஜ்லொக்கி, நீ மீன் சாப்பிடுவதில்லையே?" என்றார் தத்தாபாபு, சட்டென்று ஒரு வெளிச்சம் கண்டவராக.

இல்லை என்றேன். இந்தத் தொழிலில் என் முதல் வெளிவேலை அந்தத் தகுதியினால் கிடைத்தது.

3. நடுங்கும் இழை, நடுங்காத இழை

கோமதி அக்கா கடை வாசலிலேயே என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் இஞ்சினீரா? செருப்ப அங்கன விடுங்க. கால் கழுவிட்டு வாங்க."

முன்னறையைத் தாண்டி, ஒரு முற்றத்தைக் கடந்தால் சமையலறை. அதன் தென்கிழக்கு மூலையில், தரையில் கோலம் போட்டு, கிரைண்டருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

"ஏன் இந்த மூலை?"

"அக்கினி மூலைல்லா! கரண்டும் அக்கினிதானேன்னு அவுக சொன்னாக" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கினியத்தான் தினமும் பாக்கோமே, ஃபியூஸ் பெட்டியில" என்றார்.

மேலே பழைய மின்விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வயிறு பெருத்த, கல்யாண அண்டா அளவு மோட்டார். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. மூலையில் எரிந்த தெளிவான கண்ணாடி பல்பின் அருகில் என் காந்தத்தைக் கொண்டுபோனேன். உள்ளே இருந்த இழை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே அசையாமல் நின்றது.

அவரைக் கூட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்து அங்கிருந்த பல்பில் அதையே செய்தேன். இழை கிடுகிடுவென்று நடுங்கி, கோடாக இருந்தது பட்டையாகத் தெரிந்தது.

"ஏன் இது நடுங்குது? அது நடுங்கலையே?"

"அக்கா, கரண்ட் ஓடுற கம்பியைக் காந்தம் தள்ளும். எல்லா மோட்டாரும் அந்தத் தள்ளலிலேதான் சுத்தறது. இங்கே வர ஏசி கரண்ட் ஒரு நொடியிலே பல தடவை திசை மாறிண்டே இருக்கு. அதனாலே கம்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா உதறிக்கறது. உள்ளே வர டிசி கரண்ட் ஒரே திசையிலே போறது. ஒரே பக்கம் தள்ளிட்டு நின்னுடறது."

"ஒரே வீட்டுல ரெண்டு கரண்டா?"

அந்த முடிச்சைக் கட்டடத்தின் சரித்திரம் அவிழ்த்தது. வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி. சண்டையிட்டுக்கொண்டு முற்றத்தை எல்லையாக வைத்து வீட்டைப் பிரித்திருந்தார்கள். அண்ணன் தன் பாகத்தை ஏசிக்கு மாற்றினார். அதனாலேயே தம்பி மாற்றவில்லை. அப்பாவின் டிசி விசிறிகளை அநாதையாக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அண்ணாச்சி முன்னறையை அண்ணனிடமும் சமையலறையைத் தம்பியிடமும் வாடகைக்கு எடுத்திருந்தார். இதை ஏன் எங்களிடம் முன்பே சொல்லவில்லை என்று அங்கே வந்த அண்ணாச்சியைக் கேட்டேன்.

"கூரை ஒண்ணுதானேம்மா!" என்றார் அண்ணாச்சி.

கோமதி அக்கா இன்னும் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "விசிறி ஓடுதே. கிரைண்டர் மட்டும் ஏன் ஓடல?"

பட்டறையில் எவரும் என்னிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. முடிந்தவரை நேராகச் சொன்னேன். அந்த விசிறிக்குள் பிரஷ் எனப்படும் கரித்துண்டு இருக்கிறது. சுற்றும் பாகத்துக்கு அதுவே கரண்டைக் கொடுக்கிறது, சுற்றச் சுற்ற உள்ளே திசையையும் மாற்றிவிடுகிறது. ஆகவே ஒரே திசையில் வரும் கரண்ட் அதற்குப் போதும். கிரைண்டர் மோட்டாரில் சுற்றும் பாகத்துக்கு நாம் கரண்டே கொடுப்பதில்லை. வெளியே இருக்கும் சுருள்களில் கரண்ட் மாறி மாறி ஓடும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தம் வட்டமாக ஓடுகிறது. உள்ளே இருக்கும் உருளை அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. ஒருபோதும் முழுதாக எட்டிப் பிடிப்பதில்லை.

"முன்னால ஓடுறது நின்னுட்டா?"

"துரத்துறதும் நின்னுடும். வந்த கரண்ட் எல்லாம் வெறும் சூடாப் போகும். உங்க ஃபியூஸ் ஒயர் மெல்லிசா இருந்ததாலே மோட்டார் பிழைச்சது."

அவர் முற்றத்தில் நின்ற கணவரைப் பார்த்துத் தலையசைத்தார். "இப்பம் விளங்குது தங்கச்சி. எங்க வீட்டு அய்யாவும் இந்த ஜாதி மோட்டார்தான். நான் ரயிலுக்குப் பெட்டி கட்டினாத்தான் அவுக ஓடுவாக."

அண்ணாச்சி காதில் அது விழுந்தது. கேளாதவர் போல அவர் சமையலறை விசிறியைப் பார்த்தார்.

4. மூலை மாறியது

வழிகளை எண்ணிப் பார்த்தோம். முற்றத்தின் மேலே ஒயர் இழுக்கலாம் என்றால், அண்ணனின் கரண்ட் தன் வானத்தில் போகக்கூடாது என்றார் தம்பி. புதிய இணைப்பு விஜயதசமிக்குள் வராது. டிசி மோட்டார் தேடிப் பொருத்தலாம், அதற்கும் நாள் இல்லை. மிச்சம் ஒன்றுதான்: கிரைண்டரை முன்னறைக்குக் கொண்டுவருவது.

"முன்னறையா? வாசலுக்கு நேரேயா? மாவு அரைக்கிறத ஊரு முழுக்கப் பாக்கும். திருஷ்டி விழும். அதோட அது வாயு மூலை!" அண்ணாச்சி நிஜமாகவே கலங்கிப்போனார்.

கோமதி அக்கா உள்ளே போய், ஊருக்குக் கட்டிவைத்திருந்த தம் தகரப் பெட்டியை எடுத்துவந்து, முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணாச்சி பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வாயுவும் நல்ல தேவதைதான்" என்றார்.

விஜயதசமிக் காலையில் நானும் தத்தாபாபுவும் போனோம். சந்தே காலியாகக் கிடந்தது. நம் ஊரில் எதையும் தொடங்க உகந்த அந்த நாள், கல்கத்தாவில் எல்லா அலுவலகமும் பூட்டிக்கிடக்கும் நாள் என்பதைக் கடை வாசலில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்த பிறகே அண்ணாச்சி உணர்ந்தார். பல வருஷம் அவ்வூரில் இருந்தவர். பஞ்சாங்கம் பார்த்தவர் காலண்டரைப் பார்க்கவில்லை.

கோமதி அக்கா அசரவில்லை. ஊறிய உளுந்தைக் கல்லில் போட்டார். இட்லி நாளைக்கு, இன்றைக்கு வடை என்றார். கற்பூரம் காட்டிவிட்டு, வலிக்காத கையால் சுவிட்சைப் போட்டார்.

'பட்' என்று கேட்கவில்லை. கல் சுற்றியது. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நுரைத்து எழும் மாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் அந்தக் கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல், துர்க்கையை ஆற்றில் கரைக்கப் போன ஊர்வலம் ஒன்று பெருந்தெருவில் தேங்கி நின்றது. டாக் என்ற பெரிய மேளம் வாசிப்பவர்கள் இரண்டு பேர் சந்துக்குள் நிழலுக்கு ஒதுங்கினார்கள். வாசலுக்கு நேரே, தானாகச் சுற்றும் கல்லைக் கண்டு நின்றுவிட்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். கோமதி அக்கா அக்கினி மூலையில் வடை சுட, அண்ணாச்சி முற்றத்துக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டே இருந்தார். திருஷ்டி பற்றிய பேச்சு அன்று எழவில்லை. கூட்டத்தில் பாதி வடைக்கு நின்றது, பாதி கல்லைப் பார்க்க நின்றது. அந்தப் பாதியும் கடைசியில் வடை வாங்கியது.

தத்தாபாபு முன்னறைக்குள் வந்து மோட்டாரின் மேல் கையை வைத்தார். "ஜொர் நேயி, பௌதி" என்றார். கோமதி அக்கா அவருக்கு இலையில் வடை கொடுத்தார், முன்னறை வரையில்தான் அனுமதி என்பதையும் சொல்லிவிட்டு.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது சிறியதுதான். எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே விடவில்லை என்றால், யாரை விடுவார்கள் என்று கேட்டு அவரை அனுப்புங்கள். ஓடுவதற்கு மோட்டார் மட்டும் போதாது. அது துரத்துவதற்கு ஏற்ற ஒன்று ஒயரில் வரவேண்டும்.

அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, ஓடாமல் நின்ற மோட்டார்தான் அதிகம் சூடாகும் என்ற இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். வெகுநேரம் யோசித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் விசிறியை அணைத்தார்.

இப்போது அப்பா இல்லை. தத்தாபாபு இல்லை. அண்ணாச்சியும் போய்விட்டார். அந்தக் கட்டடத்துக்கு டிசி வருவதும் எப்போதோ நின்றுவிட்டது. சால்ட் லேக்கில் மகன் வீட்டில் கோமதி அக்கா இருக்கிறார். மாவு அரைத்து முடித்ததும் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்து, "ஜொர் நேயி, தங்கச்சி" என்பார். அதைக் கேட்க, கரியாஹாட்டில் நான் இருக்கிறேன்.