ஓடவில்லையா, ஓட்டவில்லையா?

சனிக்கிழமை நாலு கோல் போட்டு ஜெயித்த டீம், ஞாயிற்றுக்கிழமை அதே மைதானத்தில் நாலு கோல் வாங்கித் தோற்றது. அதே பெண்கள், அதே ஸ்டிக், அதே வெயில். அப்புறம் எப்படி?

இதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. இருக்கவும் கூடாது. ஏனென்றால் அந்த மகளிர் ஹாக்கி டீமின் கோச், என் மனைவி உமா. நடு மைதானத்தில் சென்டர் ஹாஃப் ஆடுவது, எங்கள் மகள் கிருத்திகா. மேட்ச் முடிந்து இரண்டு பேரையும் காரில் ஏற்றி கரமனையில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது, நான்.

தோற்ற அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில், பழவங்காடியில் டிராஃபிக் நகரவில்லை. காருக்குள் பேச்சு நகர்ந்தது.

"நேத்திக்கு ஓடினேள். இன்னிக்கு யாரும் ஓடலை. அவ்வளவுதான்" என்றாள் உமா.

"எங்கே ஓடணும்னு தெரிஞ்சாத்தானே ஓடறது? நேத்திக்கு ஒரு பிளான், இன்னிக்கு வேற பிளான். ஹாஃப் டைம்ல மூணாவதா ஒண்ணு. எல்லாரும் குழம்பிப் போயிட்டா" என்றாள் கிருத்திகா.

"பிளான் ஆடாதுடி. கால்தான் ஆடணும்."

"அப்போ கோச் எதுக்கு?"

உமா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த மேட்ச்ல நீ இல்லை."

"வேண்டாம். நானே நிறுத்தியாச்சு."

அந்த வாரம் முழுக்க இருவரும் என் மூலமாகவே பேசிக்கொண்டார்கள். "அவளைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ." "பசிக்கலைன்னு சொல்லுப்பா." கிருத்திகா பிராக்டீஸுக்குப் போகவில்லை. ஷூவைக் கழுவி மாடியில் காயவைத்தாள். காய்ந்த பிறகும் எடுக்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடுகிற பெண்... எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு பிராக்டீஸ் மேட்ச். கோல்கீப்பர் ஷைனி போன் செய்து, "சும்மா வந்து உட்காரவாவது செய்" என்று வற்புறுத்தியிருக்கிறாள். கிருத்திகா வந்தாள். செருப்புக் காலோடு, ஷூ போடமாட்டேன் என்பதை எல்லோருக்கும் தெரியும்படி காட்டிக்கொண்டு.

டீமில் ஒரு ஆள் குறைந்தது. யாருடைய இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உமா கிருத்திகாவின் செருப்பைப் பார்த்தாள். பிறகு ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு தானே இறங்கிவிட்டாள். ஒரு காலத்தில் யுனிவர்சிட்டிக்கு ஆடியவள்தான். அது ஒரு காலம்.

"அப்போ வெளியிலிருந்து ஆரு பறையும்?" என்று பாதி மலையாளத்தில் கேட்ட ஷைனி, சொல்லப்போவது யார் என்று தானே முடிவுசெய்து, விசிலைக் கொண்டுவந்து கிருத்திகா கையில் வைத்துவிட்டுப் போனாள்.

முதலில் உமா அழகாக ஆடினாள். ஒரு பாஸ், நானே கை தட்டினேன். அந்த உற்சாகத்தில் பந்தோடு முன்னால் போனாள். பந்து பறிபோனது. அது திரும்பி வந்த வேகத்தில் அவள் வரவில்லை.

"அம்மா, பின்னாடி வா" என்று கத்தினாள் கிருத்திகா.

உமா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அம்மா, ஓடு."

உமா திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நல்ல பழக்கம். அதற்குள் கோல் விழுந்துவிட்டது.

ஹாஃப் டைமில் உமா புல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கிருத்திகா மூச்சு விடாமல் ஆரம்பித்தாள்... லெஃப்டில் இடைவெளி, ரைட்டில் தாமதம், பெனால்டி கார்னரில் யார் எங்கே நிற்பது. உமா கையைத் தூக்கினாள்.

"ஒண்ணு சொல்லு. ஒண்ணே ஒண்ணு. மூச்சு வாங்கறது."

கிருத்திகா யோசித்தாள். "முன்னாடி போகாதே. அங்கேயே நில்லு."

உமா தலையாட்டினாள். இரண்டாம் பாதி முழுக்க அங்கேயே நின்றாள். பிறகு கோல் விழவில்லை.

திரும்பும்போது உமாதான் முதலில் பேசினாள். "உள்ளே நின்னா ஒண்ணுமே காதுல ஏறலைடி."

"எனக்கு வெளியிலேர்ந்து எல்லாம் ஈஸியா தெரிஞ்சது" என்றாள் கிருத்திகா. "நீ ஓடாம நின்னப்போ கோபம்னா கோபம், எவ்வளவு தேஷ்யம் வந்துது தெரியுமா?"

"தெரியும். எனக்கு வாராவாரம் வரது."

இருவரும் சிரித்தார்கள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

கிருத்திகா டீமுக்குத் திரும்பிவிட்டாள். ஹாஃப் டைமில் இப்போது கோச் ஒரே ஒரு விஷயம்தான் சொல்கிறாள். அதனால் டீம் நிலையாக ஆட ஆரம்பித்துவிட்டதா என்று கேட்பீர்கள். அடுத்த மேட்ச்சில் ஜெயித்தார்கள். அதற்கடுத்ததில் தோற்றார்கள். கோச்சிங்கா, உழைப்பா? நிற்கிற இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும் போலிருக்கிறது.

தோற்ற அன்று காரில் ஏறியதும் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அம்பயர் சரியில்லை." நானும் ஆமாம் என்றேன்.

அம்பயர் நன்றாகத்தான் விசில் ஊதினார். இது உங்களோடு இருக்கட்டும்.