கலைமணி சரி செய்த எடைச் சீட்டு

செந்துறைப் பக்கத்துக் கலைமணி, அவன் வகையறாவிலேயே முதல் பட்டதாரி. கம்ப்யூட்டர் சயின்ஸ். தொண்ணூற்றெட்டில் அரியலூர் அருகே ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடை ஆபீசில் தற்காலிகமாகச் சேர்ந்தான். அந்த வருஷம் வந்து இறங்கிய லேசர் பிரிண்டர் படுத்திய பாடு சொல்லி மாளாது. ஒரு லாரிச் சீட்டில் எடையே இருக்காது. அடுத்ததில் எழுத்தெல்லாம் பக்கவாட்டில் ஓடும். அணைத்துப் போட்டு, பழைய பிரிண்டரில் மறுபடி அடித்துக் கலைமணிதான் சமாளிப்பான். அதற்குள் டிரைவர்கள் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள்.

"யோவ் கம்ப்யூட்டரு, சீட்டு வருமா, இல்ல இங்கயே சமைச்சு சாப்புடவா?"

மேலதிகாரி அண்ணாதுரை அவனைக் கூப்பிட்டார். "தம்பி, இத ஒழுங்கு பண்ணிடு. ஒன்ன நிரந்தரமாக்க நானாச்சு."

அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான் கலைமணி. பிரிண்டரோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியும் கையுமாகப் படித்தான். பிரிண்டருக்கு இடும் கட்டளை எஸ்கேப் குறியில் தொடங்க வேண்டும். பல கட்டளைகளைக் கோத்து எழுதினால் நடுவில் முடிகிறவை சிறிய ஆங்கில எழுத்தில் முடியலாம்; கடைசி மட்டும் பெரிய எழுத்தாக இருந்தாக வேண்டும். அதைக் கண்டால்தான் கட்டளை முடிந்ததென்று பிரிண்டருக்குத் தெரியும். முன்பு இந்தக் கட்டளைகளை எழுதியவன் அந்தக் கடைசி எழுத்தையும் சின்னதாக விட்டிருந்தான். பின்னால் வந்த எடையையும் கட்டளையென்றே எண்ணி விழுங்கிக்கொண்டிருந்தது பிரிண்டர்.

ஸ்டோரில் இருந்த லப்பைக்குடிகாடு ஆசிப்பிடம் ஓடிப்போய்ச் சொன்னான். ஆசிப் சிரிக்கவில்லை.

"மாப்ள, எல்லாத்தையும் சரி பண்ணிடாத. ஒண்ணு ரெண்ட அப்டியே வுட்டு வையி. அப்பத்தான் ஒன்ன தேடுவானுவ."

"போடா. தப்புன்னு தெரிஞ்சும் வுட்டு வைக்கவா பட்டம் வாங்குனேன்?"

ஒவ்வொரு கட்டளையாகத் திருத்தினான். கம்ப்யூட்டரைப் போட்டதும் அவையெல்லாம் தானாகவே பிரிண்டருக்குப் போகும்படி செய்தான். சீட்டுகள் பளிச்சென்று வந்தன.

"பிரமாதம்யா! இனிமே எடை போடுற ஆளே பட்டனத் தட்டி சீட்டு எடுத்துக்கலாமா?" என்றார் அண்ணாதுரை.

"யாரு வேணா தட்டலாம் சார்!" பெருமை பொங்கச் சொன்னான்.

அந்த மாதக் கடைசியில் அவனை நிறுத்திவிட்டார்கள்.

"சார், நிரந்தரமாக்குறேன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்தான். வேல இருந்தாத்தானய்யா ஆள் வேணும்? நீயே சொன்னியே, யாரு வேணா தட்டலாம்னு."

நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறித்துவிட்டு வந்த அம்மா உண்ணாமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏதாச்சும் தப்பு பண்ணிட்டியாடா?"

எல்லாவற்றையும் சரியாகச் செய்ததால் அனுப்பிவிட்டார்கள் என்றால் அவள் நம்புவாளா? தெருதான் நம்புமா?

"ஆமாம்மா. தப்புதான் பண்ணிட்டேன்."

"காலையில மொத பஸ்ஸுக்குப் போயி அந்த சார் கால்ல வுழுந்து கேளுடா," என்றாள் உண்ணாமலை. "படிச்சவங்க, மன்னிச்சிடுவாங்க."