துணைக்கு வர்றீங்களாக்கா?

பயமுறுத்துகிற போஸ்டரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிவப்பு எழுத்து, புற்றுநோய்க்கு அடையாளமாக ஒரு நண்டுப் படம், 'ஜாக்கிரதை!' என்று ஓர் அதட்டல். அதைப் பார்த்துவிட்டு எந்தப் பெண் பரிசோதனைக்கு வரப்போகிறாள்? இருக்கிற பயத்தோடு இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் போவாள். நான் உளவியல் படித்தவள். விழுப்புரத்தில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்களை வரவழைப்பது என் வேலை. ஆபீஸ் கூட்டங்களில் இதைச் சொல்லிச் சொல்லியே வாயாடி என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

ஊர் ஊராகப் போய்விட்டு, சாயங்காலம் திண்டிவனம் பஸ்ஸுக்காகக் கூட்டேரிப்பட்டில் நிற்பேன். அங்கே அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் அக்கா எனக்கு நல்ல பழக்கம். ஒருநாள் பொட்டலம் கட்டிக்கொண்டே, "மாருல ஒரு கட்டி மாதிரி இருக்குதும்மா. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார், கடைக்குப் புதுக் குடை வாங்கினேன் என்பதுபோல.

எனக்குப் பகீர் என்றது. அன்றிலிருந்து கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், தெரிந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "போவலாம், போவலாம். யாவாரத்த உட்டுட்டு எங்க போறது? பேஜாரு புடிச்ச பொண்ணா இருக்கியே!" அவ்வளவுதான் பதில்.

வியாபாரமாம்! அதே அக்கா, பக்கத்துத் தெருப் பெண்ணுக்குப் பிரசவ வலி என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோவில் ஏறியவர். பூக்காரம்மாவின் கண் ஆபரேஷனுக்கும் அவர்தான் கூடப் போனார். துணைக்குக் கூப்பிட்டவர்களிடம் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. தனக்கென்று ஆஸ்பத்திரிப் படி ஏறுவதுதான் அவருக்கு வராது. ஒருநாள் பஸ்ஸில் வரும்போது இது எனக்குச் சட்டென்று உறைத்தது. ஆளை மாற்றப் பார்க்காதே, அவர் ஏற்கெனவே செய்கிற காரியத்தோடு உன் காரியத்தைச் சேர்த்துவிடு என்று வகுப்பில் படித்ததுதான். இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தேனோ!

மறுநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் நின்றேன். "அக்கா, நானும் அந்த டெஸ்ட் எடுக்கணும். பயமா இருக்குது. துணைக்கு வர்றீங்களா?"

"இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? நாளைக்கு காலைல போவலாம். ஜல்தியா வந்துடு."

ஆஸ்பத்திரியில் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். நடிப்புதானே என்று உள்ளே போனேன். படுத்ததும் நிஜமாகவே பயம் வந்துவிட்டது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் இல்லை. பிறகு டாக்டரம்மா அக்காவைப் பார்த்து, "கூட வந்தவங்களும் பாத்துக்கலாமே" என்றார். அது நான் முன்னாடியே சொல்லிவைத்தது.

அக்கா என்னை முறைத்தார். "அடிப்பாவி! இதுக்குத்தான் இட்டுக்கினு வந்தியா?" திட்டிக்கொண்டேதான் படுத்தார். இந்த முறை கையைப் பிடித்துக்கொண்டது நான்.

புற்றுநோய்தான். ஆனால் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தாயிற்று, ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். அந்தத் தேதி வருவதற்குள் ஆபீஸில் சண்டை போட்டு நண்டுப் படத்தை எடுக்கவைத்தேன். இப்போது எங்கள் போஸ்டரில் ஒரே வரிதான்: 'பயப்படும் தோழிக்குத் துணையாக வாருங்கள், இருவரையும் பார்க்கிறோம்.' வருகிறவர்களுக்கு பெஞ்ச் போதவில்லை. எனக்குப் பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அக்கா போன் செய்தார். மழை, வியாபாரம் என்று எதையெதையோ பேசினார். அப்புறம் குரல் இறங்கியது. "எனுக்கு பயமா இருக்குதும்மா. துணைக்கு வர்றியா?"

அதுவரை அவர் யாரிடமும் கேட்டிராத கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. வருகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டு, பூக்காரம்மாவைக் கூப்பிட்டேன். மற்றவர்களுக்கு அவர் சொல்லிவிட்டார்.

அக்கா மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது, அவர் துணைக்குப் போய்வந்த பெண்கள் அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அன்றைக்கு ஆட்டோவில் அழைத்துப்போன பெண்ணின் இடுப்பில் குழந்தை இருந்தது. நர்ஸ் விரட்டியும் யாரும் நகரவில்லை. கட்டியை முழுசாக எடுத்தாயிற்று என்று டாக்டரம்மா சொன்னதை அக்காவின் காதில் சொன்னேன். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"எல்லாரும் இங்க வந்து நின்னுக்கினு இருக்கறீங்களே," என்றார். "அங்க கடைய யாரு பாத்துக்கினு இருக்கறது?"